சவுக்கார மாப்பிள்ளை

மாமனாருக்கு ஒரு வேளை கறி போட ஆசைப்பட்டு, தன் சாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த ஆள் நான்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த சண்டைக் காலம். லிங்கி பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். காலையில் மரவள்ளிக் கிழங்கு, இரவில் அதே கிழங்கு (நடுவில் கிழங்கைப் பற்றிய பேச்சு). கல்யாணமாகி முதன்முறையாக மாமனார் தம்பின் டவுனிலிருந்து மகளைப் பார்க்க வந்தார். கையில் ஒரு கட்டிச் சவுக்காரம். அதுவரை சாம்பல் தேய்த்தே குளித்துவந்த என் மனைவி பார்வதி, அதை மோந்து மோந்து பார்த்தாள்.

விருந்துக்கு வழி தேடிப் போனேன். டுரியான் மரத்தடியில் ஒரு பெரிய வௌவால், பட்டப்பகலில், பறக்காமல் கிடந்தது. ஏன் பறக்கவில்லை என்று மூளை உள்ளவன் யோசித்திருப்பான். நான் வெறுங்கையால் தூக்கினேன். கட்டைவிரலைக் கடித்துவிட்டது. விடுவேனா? துண்டில் சுற்றிக்கொண்டு, ரத்தம் சொட்ட வீரனைப் போல வீடு வந்தேன்.

மாமனார் விரலைப் பார்த்ததும் தோட்டத்து டிரெசரிடம் இழுத்துப் போனார் (டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரிக்கு அவர்தான் டாக்டர்).

“பகல்ல கீழ கெடந்துச்சா?” என்றார் டிரெசர்.

“ஆமாங்க. சுலுவா ஆப்புட்டுச்சு.”

“சீக்கு வந்ததுதான்பா அப்படிக் கெடக்கும். வெறிநோய் நாய்க்குத்தான்னு சொல்வாங்க. கடிக்கிற எதையும் நான் நம்பமாட்டேன். நோய் வந்துட்டா பொழைக்க வைக்க முடியாது. வராம தடுக்க ஊசி இருக்கு, இப்ப இங்க இல்லலா.”

“அப்ப நான் என்னாங்க செய்யறது?”

“சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில கழுவு. நான் போதும்ங்குற வரைக்கும். அந்த வௌவால யாரும் கையால தொடாம ஆழமா பொதைங்க.”

மாமனார் ஓடிப்போய்ச் சவுக்காரத்தைக் கொண்டுவந்து, பைப்படியில் என் கையைப் பிடித்துத் தேய்த்தார். நுரை வாய்க்காலில் போய்க்கொண்டே இருந்தது. டிரெசர் ‘போதும்’ என்றபோது, மிச்சம் புளியங்கொட்டை அளவு. பார்வதி அழுதாள்.

“அழாத. எனக்கு ஒண்ணும் ஆவாது.”

“சவுக்காரம் போச்சுங்க” என்றாள்.

நோய் வந்தால் தண்ணீர் குடிக்கத் தொண்டை விடாது என்று கேள்விப்பட்டேன். அதிலிருந்து சோதனைக்காகக் குடித்தபடியே இருந்தேன். பால் வெட்டப் போன இடத்தில் பாதி நேரம் புதரோரம் நின்றேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திட்டினார். வாரங்கள் போயின, பயம் போகவில்லை. விரல் சும்மா அரித்தாலும் அன்றைக்குக் கிழங்கு இறங்காது.

“எனக்கு வெறி வந்தா மரத்துல கட்டிப்போடு. கிட்ட வராத” என்றேன் பார்வதியிடம்.

அவள் வீட்டு மூலைகளைத் தேடிப் பார்த்தாள். “கயித்துக்கு எங்கங்க போவேன்?”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வருஷம் தோட்டத்தில் கயிறும் இல்லை. 

நோய் வரவில்லை. வௌவாலுக்கு அது இருந்ததா, கழுவியதால் தப்பினேனா, இன்றுவரை தெரியாது. இப்போது குடியிருக்கும் ரஹாங்கில் பேரப்பிள்ளைகளிடம் சொல்வேன்: வௌவால் செத்துக் கிடந்தாலும் தொடாதீர்கள், லேசாகக் கீறினாலும் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பார்கள்.

காரணம் மாமனார். சண்டை முடிந்து கடைகள் திறந்ததும், தீபாவளிக்குத் தீபாவளி மகளுக்குப் புடவை அனுப்பினார். எனக்கு ஒரு கட்டிச் சவுக்காரம். அவர் காலமான வருஷம் அது வராது என்று நினைத்தேன். அவர் மகன், என் மச்சான், அனுப்பியிருந்தான்.