அடிமட்டம் ஐயா அளந்த கை

அடுத்தவர் கை தடித்துப்போனால் கைகொட்டிக் குதூகலிக்கிற மனிதர் இந்த இலங்கைத் தீவிலேயே ஒருவர்தான் இருந்தார். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைக்காக வந்துபோன சுகாதார உத்தியோகத்தர். சட்டைப் பையிலிருந்து, கோடு போடுகிற பிளாஸ்டிக் அடிமட்டம் ஒன்று எப்போதும் எட்டிப் பார்க்கும். அதனால் அவர் அடிமட்டம் ஐயா. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுக்காரருக்குக் காசநோய் என்று தெரிந்ததும், ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கூடப் புழங்கிய எல்லோருக்கும் முன்கைத் தோலில் ஒரு சின்ன ஊசி.

"ஐயா, கிருமியவா ஏத்துறீங்க?" என்று நான் அலறினேன்.

"கிருமி இல்லைங்க தம்பி, கிருமியோட வாசனைன்னு வச்சுக்குங்க. ஒங்க ஒடம்பு அந்தக் கிருமிய முன்னாடியே பாத்திருந்தா, 'அட, இவனா!'ன்னு ஓடியாந்து அந்த எடத்துல கூடிரும். தோல் தடிக்கும். மூணாம் நாள் வந்து அளப்பேன். ஒருத்தரும் எங்கயும் போயிராதீங்க!"

மூன்றாம் நாள் என் கையில் பணிஸ் ரொட்டி மாதிரி ஒரு தடிப்பு. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். அவரோ பேனாவால் ஓரம் கண்டு, அடிமட்டத்தை வைத்து, துள்ளிவிட்டார்.

"பதினாறு மில்லிமீட்டர்! என்ன ஞாபக சக்தி தம்பி ஒங்க ஒடம்புக்கு!"

இது நோய் வந்துவிட்டதாக அர்த்தமில்லை, நெஞ்சைப் படம் பிடித்தால்தான் தெரியும் என்று முதுகில் தட்டினார். வரிசையில் நின்ற ஒருவர் கேலியாக அட்டை கடித்த காலை நீட்டினார். அதையும் அளந்தார். "ஏழு. அட்டைக்கு நல்ல பசி!"

பிறகு பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். "செல்வி எங்க?"

செல்வி என் அக்கா. கொழுந்து பறிப்பவள். "கையில ஒண்ணுமே இல்லைன்னு கலியாண வீட்டுக்குப் பொறப்பட்டுட்டாங்க. ஹட்டன் பஸ் இப்பத்தான் போச்சு" என்றேன்.

"ஒண்ணுமில்லைன்னு அவங்க சொன்னா ஆச்சா? அடிமட்டம் சொல்லணும்! ஏறுங்க தம்பி!"

அந்த வளைவுகளில் அவர் ஓட்டிய வேகத்தில் எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் வாயில் வந்துபோனது. பஸ்ஸை முந்தி, வண்டியைக் குறுக்கே போட்டு, அடிமட்டத்தை வாள் மாதிரி தூக்கிக்கொண்டு உள்ளே ஏறினார். டிக்கெட் பரிசோதகர் என்று பயந்து பாதிப் பேர் டிக்கெட்டை நீட்டினார்கள்.

"டிக்கெட் வேணாம். தங்கச்சி, கையக் காட்டுங்க!"

பட்டுச்சேலையில் இருந்த அக்காவுக்கு மானம் போயிற்று. அவர் தடவினார், பேனாவை ஓட்டினார், அளந்தார். சைபர். பஸ்ஸே கைதட்டியது.

"நாந்தான் சொன்னேன்ல!" என்று அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. ஐயா முகத்திலிருந்த உற்சாகம் வடிந்துவிட்டது.

"எவ்வளவு நாளா இருமல்?"

"குளிருக்கு வர்றதுங்க ஐயா. ரெண்டு மாசமா."

"மெலிஞ்சிட்டீங்களா?"

தொளதொளத்த ரவிக்கையை அக்கா இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எறங்குங்க தங்கச்சி. காவக்காரன் சத்தம் போடலைன்னா, கள்ளன் வரலைன்னும் இருக்கலாம், காவக்காரன் மயங்கிக் கெடக்கான்னும் இருக்கலாம். ஒடம்பு ரொம்பத் தளந்துட்டா கிருமி உள்ள இருந்தாலும் கை தடிக்காது. சளியப் பாக்கணும், நெஞ்சப் படம் புடிக்கணும்."

கலியாணச் சாப்பாடு போன கோபத்தில் ஆஸ்பத்திரி வரைக்கும் அக்கா அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவர் "சரிங்க, சரிங்க" என்றபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தார்.

எனக்கு நெஞ்சு சுத்தம், தடுப்பு மாத்திரையோடு தப்பினேன். அக்காவுக்குக் காசநோய். சளியில் கிருமி இருந்தது. ஆறு மாத மருந்து. வாரம் தவறாமல் ஐயா வந்து, "முழுங்கிட்டு நாக்க நீட்டுங்க" என்பார். அக்கா வேண்டுமென்றே முழ நீளத்துக்கு நீட்டிக் காட்டுவாள். அதற்கு மட்டும் அவர் அடிமட்டத்தை எடுக்கவில்லை.

அக்கா பிழைத்தாள். மறுபடியும் மலை ஏறிக் கொழுந்து பறிக்கிறாள். ஐயா வேறு பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் மூத்தவள் அக்காதான், எங்களுக்கு அண்ணன் கிடையாது. ஆனாலும் அவள் போனில் 'அண்ணே' என்று ஒரு நம்பர் இருக்கிறது. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் முதல் கோல் அதற்குத்தான் போகும்.