அடியோஸும் போட்டு வாறனும்

வாயைத் திறக்காமல் இருப்பதுதான் தன் தொழில் என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த மனுசன் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். தொண்ணூறுகளில் கனடாவில் எங்களோடு சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீட்டில் இருந்த ஆராய்ச்சி அண்ணை. சொந்தப் பேர் ஒன்று இருந்ததுதான். ஆனால் போன் எடுக்கிறவர்கள்கூட "ஆராய்ச்சி நிக்கிறாரோ?" என்றுதான் கேட்பார்கள்.

பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தார். றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவிய எங்கள் செல்வத்துக்கு அது 'மான் அவியல்' என்று கேட்டிருக்கிறது. "அண்ணை, மான் அவிக்கிறதுக்கும் கனடாவில பட்டம் குடுக்கிறாங்களோ?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். ஒரு கிழமை அவனோடு அண்ணை கதைக்கவில்லை.

அவர் ஆராய்ந்தது, தொலைவில் ஒரு சின்ன ஊரின் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்த மெக்சிக்கோக்காரரை. வசந்தத்தில் பிளேனில் வந்து, குளிர் தொடங்கத் திரும்பிப் போகிற ஆட்கள். அந்த ஊரில் அவர்கள் எப்படிச் சீவிக்கிறார்கள் என்பதே ஆராய்ச்சி. சாரதி நான், வாகனம், நான் பீற்சா கொண்டுபோய்க் கொடுக்கிற கார்.

"எங்கட சனத்தை ஆராயுங்கோவன் அண்ணை, பில்டிங் முழுக்க நிக்குது" என்றால், "எங்கட சனம் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லுமோ? நீர் எந்த ஊர், ஆரின்ரை மகன் எண்டு என்னையெல்லோ ஆராயும்!" என்பார்.

வழி நெடுக எனக்குப் பாடம். "தம்பி, ஆராய்ச்சிக்காரன் பாக்கவேணும், கேக்கவேணும். இடையில வாய் வைக்கக் கூடாது." ரமீரோ என்ற பொடியன் மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தின்றதைக் கண்ட அன்றைக்கே பாடம் பறந்தது. "உவங்கள் எங்கட ஆக்களடா!" என்று துள்ளினார்.

அவர்கள் விடைபெறச் சொல்லும் 'அடியோஸ்' மட்டும் அவருக்குப் பிடிக்காது. "உதென்னடா, அடியோட போறன் எண்ட மாதிரி! வெளிக்கிடேக்க சொல்லுற சொல்லே?" வாய் வைக்கக் கூடாத மனுசன், முழுத் தோட்டத்துக்கும் எங்கள் 'போட்டு வாறன்' பழக்கிவிட்டார், போனாலும் திரும்பி வருவன் என்ற சொல். நாங்கள் கார் எடுத்தால் செடிகளுக்கு நடுவிலிருந்து எல்லாரும் "போத்துவாரன்!" என்று கத்துவார்கள். போகிறவர்கள் நாங்கள், சொல்லுகிறவர்கள் அவர்கள். திருத்த அண்ணைக்கு மனம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது ரமீரோ கையில் துணி சுற்றிக்கொண்டு சுருண்டு கிடந்தான். கை மெசினுக்குள் அகப்பட்டதாம். முதலாளி நாளைக்கே அவனைப் பிளேன் ஏற்றப் போகிறாராம், வைத்தியம் ஊரில் பார்க்கட்டுமாம். அண்ணை நேரே முதலாளியிடம் போனார். பிறகு திறந்தார் பாருங்கோ வாயை! இங்கிலீசில் தொடங்கினார். அது போதவில்லை. "நீயும் ஒரு மனுசனோடா? அவன்ரை கை அழுகினா உன்ரை கையைக் குடுப்பியோ?" என்று தமிழில் முடித்தார். முதலாளிக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது, விசயம் விளங்கிவிட்டது. ரமீரோவை என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிளேன் ஏற்றுகிற கதை நின்றது, கை தப்பியது.

ஆராய்ச்சி தப்பவில்லை. இனித் தோட்டத்தில் கால் வைக்கக் கூடாது என்று முதலாளி சொல்லிப்போட்டார். வேறு ஊர் பாரும் என்றார் அவரின் பேராசிரியர். அண்ணை மாட்டன் என்றார். "நுணலும் தன் வாயால் கெடும்" என்று செல்வம் சிரித்தான். அத்தனை வருசப் படிப்பை அந்தரத்தில் விட்டுவிட்டு, மனுசன் மிசிசாகாவில் ஒரு கிட்டங்கியில் பெட்டி அடுக்கப் போனார்.

குளிர் தொடங்க, ரமீரோவை வழியனுப்ப எயார்போட்டுக்குப் போனோம். "போட்டு வாறன், அண்ணை" என்றான் அவன். போகிற ஆளே முதல்தரமாக அதைச் சொன்னது அன்றைக்குத்தான். அண்ணைக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் மற்றவர்கள் வந்தார்கள், அவன் வரவில்லை. முதலாளி பேர் சொல்லிக் கூப்பிட்டால்தானாம் திரும்பி வரலாம். அவனை அவர் ஏன் கூப்பிடப் போகிறார்?

"வாயை மூடியிருந்தா அவன்ரை கை போயிருக்கும். திறந்தன், அவன்ரை வேலை போச்சு. நான் என்னடா செய்திருக்க வேணும்?" என்று அண்ணை அழுதார்.

அதற்குப் பிறகு வசந்தம் வந்தால், வேலை முடிந்த கையோடு எயார்போட்டில் போய் நிற்பார். ஆரைப் பார்க்க வந்தனீங்கள் என்று கேட்டால், "போட்டு வாறன் எண்டு சொன்ன ஒருத்தனை" என்பார். விசர் பிடித்துவிட்டது என்றது சனம். அவன் வரமாட்டான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் காரில் கூட்டிவந்து வீட்டு வாசலில் அவரை இறக்கிவிடும்போது ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

"அடுத்த கிழமையும் ஒரு பிளேன் வருதாம் அண்ணை. போவமே?"