கோவளம் இறாலும் சஹானாவுக்கு வந்த வரன்களும்

செங்கல்பட்டு,
மாசி, 2003

சிரஞ்சீவி மைத்துனன் கலைவாணனுக்கு மாமா பக்தவத்சலம் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நான், உன் அக்கா ஞானம்பாள், மகள் சஹானா மூவரும் சௌக்கியம், என் மூக்கு நீங்கலாக. மதுராந்தகத்தில் உன் வீட்டார் சௌக்கியத்துக்கும், ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதற்கும் பதில் எழுது.

நீ அனுப்பி வைத்த அரிசி மண்டி வரனும் கைநழுவிப் போயிற்று. சஹானா கோவளத்தில் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தைத்தான் உனக்குத் தெரியுமே, வெளிநாட்டுக்குப் போகிற இறாலில் கெட்ட கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற இடம். முட்டைகூட உடைத்தறியாத நம் குடும்பத்துக்கு இறால் சோறு போடுகிறது, பகவான் சித்தம். அன்றைக்குப் பெண் பார்க்க அவர்கள் வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து இவள் பஸ்ஸிலிருந்து இறங்கி, தோள் பையோடு நேராகக் கூடத்துக்கு வந்து நின்றாள். வந்தது பார் ஒரு நாற்றம், மண்டிக்காரர் சம்சாரம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாங்க, வூட்டாண்ட ஏதாவது செத்துக் கெடக்குதா?" என்று கேட்டுவிட்டார். சொஜ்ஜியை அப்படியே வைத்துவிட்டு, "பொண்ணு வேலைய வுட்டுட்டா மேல பேசலாம்" என்று எழுந்து போய்விட்டார்கள். இதற்கு முன் வந்தவர்களும் இதே பல்லவிதான் பாடினார்கள். மற்ற நாளெல்லாம் இவளிடம் அவ்வளவு வாடை இருக்காது, பெண் பார்க்க வருகிற நாளில்தான் ஆபீசில் இறால் வந்து குவிகிறதாம், நம் ஜாதக விசேஷம்.

எனக்கு இருப்பது ஒரே பெண். அவளை ஒரு நல்லவன் கையில் பிடித்துக் கொடுக்காமல் கண்ணை மூடிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது மச்சான், மறைப்பானேன். கோபத்தில், "அப்படி இன்னாதாம்மா பண்றே அங்க?" என்று கேட்டேன். பொறுமையாக உட்கார்ந்து சொன்னாள். அவர்கள் தேடுவது சால்மோனெல்லா என்று ஒரு கிருமி. இறாலில் ஆயிரம் கிருமிகள் கூட்டமாக இருக்குமாம், திருவிழாவில் ஜேப்படிக்காரனைத் தேடுகிற கதைதான். முதல் நாள் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சத்துத் தண்ணீர் கொடுத்துத் தெம்பாக்குவார்கள். மறுநாள் அதில் ஒரு சொட்டை செலினைட் என்ற மருந்து கலந்த தண்ணீரில் விடுவார்கள். அதில் மற்றவை எல்லாம் சுருண்டுவிடும், நாம் தேடுகிற ஆசாமி மட்டும் தாக்குப்பிடித்துப் பெருகுவான். பிறகு தட்டில் தடவினால் நடுவில் கறுப்பாகப் பொட்டு வைத்த மாதிரி தெரிவான். "ஆனா கருப்பா தெரியறதெல்லாம் அவன் இல்லப்பா, வேற சிலதும் அதே மாதிரி வரும். கன்ஃபர்ம் பண்ணணும்" என்றாள். கிருமிக்கு லீவு கிடையாதாம், அதனால் ஞாயிற்றுக்கிழமையும் போயாக வேண்டுமாம். கடைசியில் சொன்ன இரண்டு விஷயங்களையும் நான் காதில் வாங்கவில்லை. எனக்கு அதற்குள் ஒரு யோசனை பிறந்துவிட்டது.

மறுநாளே பத்திரிகையில் வரன் விளம்பரம் கொடுத்தேன். "பெண் மீது இறால் வாடை வரும். வீட்டில் எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்வாள். வேலையை விடமாட்டாள். சம்மதம் உள்ளவர்கள் மட்டும் எழுதவும்." உன் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு, "இப்டி போட்டா எவன் வருவான்? இன்னா பைத்தியமா உங்களுக்கு?" என்றாள். வராதவன் வராமல் இருக்கத்தானே போட்டது என்றேன். ஒரே ஒரு கடிதம் வந்தது. பையன் பெயர் நிதின், வேடந்தாங்கல் பக்கம், கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை. நேற்று வந்தார்கள். சஹானா வழக்கம்போல் அதே வாடையோடு வந்து நின்றாள். பையனின் அக்கா சியாமளா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. பையனோ முகம் சுளிக்காமல் வடையை ரசித்துச் சாப்பிட்டு, இன்னொன்று கேட்டு வாங்கினான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம் மருந்துத் தண்ணீரில் தாக்குப்பிடித்தவன் இவன் ஒருவன்தான் மச்சான். புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, தாம்பூலம் மாற்ற நீ குடும்பத்தோடு வந்துவிடு.

உன் மாமியாருக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசி. அரிசி மண்டிக்காரரைப் பார்த்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
மாமா பக்தவத்சலம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் மாடி வீட்டு ஏசுபாதம் பேப்பர் வாங்க வந்தவர் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார். "இன்னா சார், உங்க வூட்ல நெத்திலி கருவாடு கீது? நல்ல சரக்கா கீதே, எங்க வாங்குனீங்க?" அது இறால் சோதனை வாடை என்றேன். "இறாலாவது சார், எனக்கு நாக்குல தண்ணி ஊறிகினு கீது" என்று அவர் காட்டிய இடம், ஆணியில் தொங்கிய சஹானாவின் தோள் பை. உள்ளே முடிச்சுப் போட்ட கருவாட்டுப் பொட்டலம். நம் வீட்டு மூக்குகளுக்கு இறாலும் கருவாடும் ஒன்றுதானே, அந்தத் தைரியம் அவளுக்கு. கூப்பிட்டுக் கேட்டேன். "லேப்ல குளிச்சிட்டுதாம்பா கிளம்புவேன். பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு மட்டும் கோவளத்துல ரெஜினா அக்காகிட்ட இத வாங்கினு வருவேன். மூக்கைப் பொத்தறவன்தான் நாளைக்கு வேலைய வுடுன்னுவான்" என்றாள். விளம்பரத்துக்கு முன்பே அவள் மருந்து கலந்துவிட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் போன் அடித்தது, நிதின். "சார், ஒண்ணு சொல்லணும். சின்ன வயசுல ஜுரம் வந்ததுலேர்ந்து எனக்கு வாசனையே தெரியாது. அக்கா வழியெல்லாம் திட்டிகினு வந்துது, அவ்ளோ நாத்தம் இருந்துதுன்னு அப்பதான் புரிஞ்சுது. மறைச்சா தப்புன்னு தோணுச்சு." போனைக் காதிலிருந்து எடுத்து அப்படியே சஹானாவிடம் சொன்னேன். "அப்ப நான் பஸ்ல அவ்ளோ நாறிகினு வந்தது வேஸ்டா?" என்று கேட்டவள், தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா. பிறகு என் கையிலிருந்து போனை வாங்கி, "ஞாயித்துக்கிழமையும் நான் வேலைக்குப் போவணும், பரவால்லியா?" என்றாள். அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது: "ஞாயித்துக்கிழமை பஸ் கம்மியாச்சே. நான் வண்டியில கொண்டாந்து வுடறேன்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அப்பா, கன்ஃபர்ம்" என்றாள்.

ஆகையால் புதன்கிழமை தவறாமல் வா. வரும்போது மல்லிகை கொஞ்சம் அதிகமாகவே வாங்கி வா. மாப்பிள்ளைக்குத் தெரியப்போவதில்லை, வீட்டுக்கு வேண்டும். கருவாட்டை ஏசுபாதம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.