ஆணி அடிச்சாச்சு, படம் எங்க

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தைக்கு, உங்கள் மாப்பிள்ளை எழுதுவது.

இன்று காலை பத்து நாற்பத்திரண்டுக்கு உங்கள் செய்தி என் போனுக்கு வந்து சேர்ந்தது. "மாமா ஆணி அடிச்சாச்சு. சட்டமும் மாட்டியாச்சு. படம் எங்க?" என்று கேட்டிருந்தீர்கள். கூடவே ஒரு போட்டோவும் இருந்தது. முன்னறைச் சுவரில் பெரிய சட்டம், அதில் கண்ணாடி, கண்ணாடிக்குள் வெள்ளைத் தாள். நேராகத்தான் தொங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு "யாருங்க இது?" என்று கேட்டதாகவும், மாமா "வருவா, இருங்க" என்று சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள்.

நான் இங்கே சுகம். அங்கே நீங்களும் மாமாவும் மாமாவின் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், சாப்பிட்டேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எடுத்ததும் நீங்கள் "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை" என்பீர்கள், நான் "ஆச்சு அத்தை" என்பேன், அதோடு எதற்குக் கூப்பிட்டோம் என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோகும். அதனால்தான் கடிதம்.

முதலில் ஆணி. மாமா சுத்தியல் எடுத்தார் என்று படித்ததும் எனக்குப் பகீரென்றது. அவர் சொந்தக் கையால் மாட்டிய கதவில்தான் உங்கள் மகள் சின்ன வயதில் இடது சுண்டுவிரலை விட்டாள். அது கடைசி வரை வெளிப்பக்கமாக வளைந்தே இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷமாக நீங்கள் அவரை ஒரு ஸ்க்ரூடிரைவர்கூடத் தொட விட்டதில்லை. இப்போது மகள் படத்துக்கு என்றதும் தடையை விலக்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. அந்த ஆணிக்கு நான் பதில் சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் விஷயம் கொஞ்சம் சுற்றிப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் போன பிறகு அவளுடைய வேலை அறையில் நான் கை வைக்கவில்லை. கேமராக்கள் அலமாரியில் இருந்தன. இத்தனை வருஷம் ஊரார் கல்யாணம், குழந்தை, கடைச் சாமான் என்று அவள் எடுத்த படமெல்லாம் ஒரு செருப்புப் பெட்டியில் டிஸ்க் டிஸ்க்காகக் கிடந்தது. போன மாதம் அதில் ஒன்றைச் செருகினேன், அது பல்லி மாதிரி டிக் டிக் என்று சத்தம் போட்டது. கம்பெனிகளின் தகவல் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆபீசில் ஒரு டிஸ்க் இப்படிச் சத்தம் போட்டால் நான் படியில் இறங்க மாட்டேன், குதிப்பேன். என் வீட்டு டிஸ்க் செருப்புப் பெட்டிக்குள் இருந்தது, அதுவும் என் செருப்பு வந்த பெட்டி. உட்கார்ந்து ஒரு மென்பொருளை நிறுவினேன். படங்களை நிர்வகிக்கிற மென்பொருள். நான் அதற்கு வைத்த பெயர் சூப்பர்வைசர்.

அத்தை, உண்மையைச் சொல்ல வேண்டும், அது அருமையான சாமான். டிஸ்க்கைக் காட்டினால் போதும், படங்களைத் தானே இழுத்துக்கொள்ளும், ஒரே படம் ரெண்டு தரம் இருந்தால் ஒன்றைத் தள்ளிவிடும், எடுத்த தேதியைப் படித்து வருஷம் மாசம் நாள் என்று பெயரை மாற்றும், முகங்களைப் பிரித்து இவர் யார் அவர் யார் என்று கேட்கும், எல்லாவற்றையும் வேறு வேறு இடத்தில் நகல் எடுத்து வைக்கும், போனிலும் காட்டும். அவள் இருந்தபோதே இதைச் செய்து தருகிறேன் என்று எத்தனையோ தரம் கெஞ்சியிருக்கிறேன். "இன்ஜினியர் சார், இது உங்க சர்வர் ரூம் இல்ல. என் டிஸ்க்ல கை வெச்சீங்க, ஷூவுக்குள்ள தண்ணி ஊத்திடுவேன்" என்பாள். ஒரு தரம் ஊற்றியும் இருக்கிறாள்.

அவள் வைத்திருந்த பெயர்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "புதுசு" என்று ஒரு ஃபோல்டர், "இதுவும் புதுசு" என்று இன்னொன்று. "மஞ்சள் சுவர், மறுபடி போகணும்." "சண்டைக்கு நடுவுல எடுத்தது." "அழுத மாப்பிள்ளை." "அழிக்காதே, காரணம் அப்புறம் சொல்றேன்." யாரிடம் சொல்வதாக இருந்தாள் என்று தெரியவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டு, பழைய பெயர்களை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் தேதியாக மாற்றினேன். பிறகு சூப்பர்வைசருக்கு ஒரு விதி எழுதிக் கொடுத்தேன். முகம் இல்லாதது, ஃபோகஸ் இல்லாதது, ஒன்றுபோலவே திரும்பத் திரும்ப வருவது, இந்த மூன்றில் இரண்டு சேர்ந்திருந்தால் யாரையும் கேட்காமல் குப்பைத் தொட்டிக்கு அனுப்பு. அதில் பெரும்பாலும் போனது அவளுடைய வெள்ளோட்டப் படங்கள்தான். எந்த வேலைக்குப் போனாலும் கேமராவை எடுத்ததும் முதலில் இடது உள்ளங்கையை நீட்டி அதை ஒரு படம் எடுத்துக்கொள்வாள், அந்த இடத்து வெளிச்சத்தில் தோல் என்ன நிறத்தில் விழுகிறது என்று பார்க்க. பார்த்தபின் அதை அழிக்க வேண்டும் அல்லவா? ஒன்றைக்கூட அழித்ததில்லை. சூப்பர்வைசர் ஒரே மூச்சில் வாரிக் கொட்டியது. எவ்வளவு இடம் மிச்சம் என்று பச்சை எழுத்தில் பாராட்டு வேறு. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை எத்தனை நாள் நின்றது என்கிறீர்களா? ஒருவர் போன் செய்யும் வரை.

"மேடம் இருக்காங்களா?"

"இல்லைங்க."

"எப்ப வருவாங்க?"

"சொல்ல முடியாதுங்க" என்றேன். வேறென்ன சொல்ல, எனக்கு வாயில் அதுதான் வந்தது.

"என் கல்யாணப் படம் ஒண்ணு வேணும் சார். பெருசா போட்டு வீட்டுக்காரிக்குக் குடுக்கலாம்னு."

"எடுத்த தேதி சொல்லுங்க, ஒரு நிமிஷத்துல தரேன்" என்றேன், சூப்பர்வைசரின் பலத்தில்.

"தேதியா? அது அவளுக்குத்தான் சார் தெரியும். இப்பப் போய் நம்ம கல்யாணம் என்னைக்குன்னு கேட்டா நான் வீட்ல இருக்க முடியாது."

"மாசமாவது?"

"மழை பெய்ஞ்சுது. சார், மேடம் என்கிட்ட அப்பவே சொன்னாங்க. பேர் சொன்னா எனக்குத் தெரியாது, அழுத மாப்பிள்ளைன்னு சொல்லுங்க, அடுத்த நிமிஷம் எடுத்துடுவேன்னு. நான்தான் சார் அந்த அழுத மாப்பிள்ளை."

அத்தை, அந்த மனுஷரை நான் தேதி வரிசையில் நிற்க வைத்துவிட்டேன். அழுகிற முகங்களைத் தேடு என்று சூப்பர்வைசரிடம் சொன்னால் ஊரில் உள்ள குழந்தை எல்லாம் வந்தது, தும்மப் போகிற மாமா வந்தார், ஒரு தண்ணீர்க் குழாய்கூட வந்தது. கடைசியில் நகல் எடுத்து வைத்த பழைய பெயர்களைத் திறந்துதான் கண்டுபிடித்தேன். அவள் சொன்னது போலவே அடுத்த நிமிஷம். அவர் அழும்போது அவள் அவர் முகத்தை மட்டும் எடுக்கவில்லை. அழுகிறார் என்று தெரிந்ததும் தன் சேலைத் தலைப்பை எடுத்து நீட்டுகிற பெண்ணையும் சேர்த்து எடுத்திருக்கிறாள். தேதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? ஒவ்வொருத்தரும் தங்களை என்னவென்று ஞாபகம் வைத்திருப்பார்களோ அதையே பெயராக வைத்திருக்கிறாள். இருபது பேர் உட்கார்ந்து வடிவமைத்தாலும் எங்கள் ஆபீசில் இப்படி ஒரு அட்டவணை வராது.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை, ஒவ்வொரு டிஸ்க்காகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குளியலறைச் சாமான் கடைக்காக அவள் எடுத்த கைகழுவும் தொட்டி ஒன்று இருக்கிறது. நான் ஆபீசில் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தபோது போனில் "உங்கள் இனிய நினைவு" என்று இசையோடு அந்தத் தொட்டிதான் வந்தது. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கே" என்றார். அவர் கேலி செய்யவில்லை. பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் விழ, விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர். ஒரு தொட்டியை யாரும் இவ்வளவு மரியாதையாகப் பார்த்திருக்க மாட்டார்கள். மணப்பெண்ணுக்கு எத்தனை பாடுபடுவாளோ அதே பாடு அதற்கும் பட்டிருக்கிறாள். நான் அவளோடு குடும்பம் நடத்தியவன், இவ்வளவு வேலை தெரிந்தவள் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் முதல் தரம் படம் கேட்ட அன்றே, அவள் படம் ஒன்று கொடு என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அது அவளுடைய அடையாள அட்டைப் படத்தையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இவரும் இவரும் ஒருவரா?" என்றது. இல்லை என்று அமுக்கினேன். மறுநாள் உங்களுடைய இளவயதுப் படத்தை எங்கிருந்தோ எடுத்துவந்து அதே கேள்வியைக் கேட்டது. மறுபடி இல்லை என்றேன். அடுத்த நாளும் கேட்டது. "தெரியவில்லை" என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கிவிட்டு எழுந்துபோனேன்.

படம் எடுக்கிறவள் படத்தில் எப்படி இருப்பாள்? எங்கள் கல்யாண ஆல்பம் இருக்கிறதே என்பீர்கள். எடுத்துப் பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் வாயைத் திறந்துகொண்டு, கையை நீட்டி, அந்தப் போட்டோகிராபரிடம் "அண்ணே, லைட்டை இறக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் எடுத்தவை உண்டா என்றால், நான் எடுத்ததும் போனைப் பிடுங்கி "தலைக்கு மேல இவ்ளோ வானம் எதுக்கு, வாடகைக்கு விடப் போறீங்களா" என்று அழித்துவிடுவாள். கண்ணாடியில் விழுந்த உருவம் இரண்டு கிடைத்தது, இரண்டிலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா. மிச்சம் அந்த அடையாள அட்டைதான். "அதுல யாரையோ அடிக்கக் கிளம்பின மாதிரி இருக்கா" என்று நீங்களே சொன்னது. அதைத் தெளிவாக்கித் தருகிறேன் என்று சூப்பர்வைசர் முன்வந்தது. தெளிவாக்கியும் விட்டது. பற்பசை விளம்பரத்துக்கு வந்த பெண் மாதிரி ஒருத்தி சிரிக்கிறாள். அந்தப் பற்கள் யாருடையவை என்றே தெரியவில்லை. அதை உங்கள் சுவரில் மாட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்பார்.

இத்தனை ஆயிரம் படத்திலும் ஒன்றைக் கவனித்தேன். எல்லோரும் நேராகப் பார்க்கிறார்கள். சிரித்தபடி, அழுதபடி, வெட்கப்பட்டுக்கொண்டு, பசியில் சிணுங்கிக்கொண்டு, அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவளை மட்டும் காணோம்.

ஆகவே, அத்தை, மன்னிக்க வேண்டும். என் சிஸ்டத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, எதைக் கேட்டாலும் கிடைக்கும், அவள் படம் மட்டும் இல்லை. மாமாவிடம் பக்குவமாகச் சொல்லிச் சட்டத்தை இறக்கிவிடுங்கள். ஆணியையும் பிடுங்கி அந்த ஓட்டையை அடைத்துவிடச் சொல்லுங்கள். ஆனால் அந்த வேலைக்கு வெளி ஆள் யாரையாவது கூப்பிடுங்கள்.

நீங்கள் இருவரும் என்னைவிட நெடுநாள் திடமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாமாவின் முழங்காலுக்கு என் தனி விசாரிப்பு.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: ஆணியைப் பிடுங்க வேண்டாம். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைப் பிரிண்டருக்குக் கொடுத்துவிட்டு எழுந்தபோது சூப்பர்வைசர் கேட்டது, "குப்பைத் தொட்டியில் உள்ளவை இன்றோடு நிரந்தரமாக அழிந்துவிடும், சரியா?" என் தொழிலில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சரி சொல்லக் கூடாது. திறந்தேன். திரை முழுக்கக் கை. மேலிருந்து கீழே இழுக்க இழுக்க அவள் கைதான், அத்தை. யாரோ ஒருவருடைய போன் நம்பரை மையில் எழுதிய கை, பிளாஸ்திரி ஒட்டிய கை, மழைத் துளி விழுந்த கை, பிஸ்கட் தூள் ஒட்டிய கை, மோதிரம் இல்லாத கை, அப்புறம் நான் போட்ட மோதிரத்தோடு. எல்லாவற்றிலும் சுண்டுவிரல் வளைந்திருக்கிறது. கடைசியாக ஒன்று, மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை, பின்னால் ஜன்னல். அந்த ஃபோல்டருக்கு அவள் வைத்த பெயர் "வெளிச்சம் நல்லா இருக்கு". அதில் அந்த வெள்ளோட்டப் படம் மட்டும்தான் இருக்கிறது. அது என்னிடமே இருக்கட்டும். உங்களுக்கான கை இந்த உறைக்குள் ரெண்டு அட்டைக்கு நடுவில் இருக்கிறது. மாமாவைப் படம் எடுக்க உங்கள் வீட்டுக்கு வந்த அன்று எடுத்தது, பின்னால் மங்கலாகத் தெரிவது அந்தக் கதவுதான், மாமாவைத் திட்டாதீர்கள். சட்டத்துக்கு அளவு சரியாக இருக்கும். எல்லாக் கைகளையும் மீட்டுவிட்டேன், ஃபோல்டர்களுக்கு அவள் வைத்த பெயர்களையே திரும்ப வைத்துவிட்டேன், சூப்பர்வைசரை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. சாப்பிட்டேன் என்று எழுதியது பொய், இனிமேல்தான். சங்கதி தெரியாமல் போனில் மட்டும் அது இன்னும் தொட்டியைக் காலி செய்யட்டுமா, செய்யட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. நீங்கள் கூப்பிட்டு நான் எடுக்காவிட்டால் பயப்பட வேண்டாம். போனை அணைத்துவிட்டேன்.