மேஸ்திரியக்கா பிடித்த தும்பிகள்

சாலவாக்கம் பக்கத்தில் சூரியன் நேரத்துக்கு எழுவதற்குக் காரணம் மேஸ்திரியக்கா மேல் உள்ள பயம்தான். பன்னிரண்டு பெண்களை நடவுக்கு அழைத்துப் போகிறவர். வரப்பில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் சேற்றில் குனிந்த முதுகுகள் இன்னும் குனியும். ஏரியில் நிற்கும் நாரைகளும் வரிசைக்கு வரும். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

எங்களுக்குப் பக்கத்து வீடு. அதனால்தான் அந்த அதிகாரம் என் மகளின் கண்ணுக்குள்ளும் புகுந்தது.

கயலுக்கு ஆறு வயது. இடது கண்ணில் பிறவியிலேயே புரை. அறுவை செய்து புது லென்ஸ் வைத்தார்கள். கண் தெளிந்துவிட்டது, மூளைதான் இன்னும் அதை நம்பவில்லை என்றார் டாக்டர். நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூடிவிட்டு, டேப்லெட்டில் பறக்கும் தும்பிகளை இடது கண்ணால் தேடி விரலால் தொட வேண்டும். வீட்டிலேயே, தினம் அரை மணி. எத்தனை தும்பி பிடித்தாள் என்பது தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். "இந்த வயசுல பழக்கலேன்னா அந்தக் கண்ணு சும்மாவே இருந்துடும்" என்றார். 

நானும் மனைவியும் இருட்டிய பிறகே வீடு திரும்புகிறவர்கள். பள்ளி விட்டு வரும் குழந்தையை யார் உட்கார வைப்பது? மதியத்தோடு நடவை முடித்துவிடும் மேஸ்திரியக்கா முன்வந்தார்.

"பூச்சி புடிக்கறத மேய்க்கணும். அவ்ளோதான தம்பி? பன்னண்டு பேர மேய்க்கறேன், இதுக்கு இன்னா."

மேய்த்தார். வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான், ஏரிக்கரையில் நாலு கோடு என்று எவரோ சொல்ல, கயலையும் டேப்லெட்டையும் பாயையும் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனார். அங்கே நிஜத் தும்பிகள். குழந்தை திரையை விட்டுவிட்டு அவற்றைத் துரத்தியது. மேஸ்திரி தும்பிகளை அதட்டினார்: "ஆஸ்பத்திரில எய்திக் குடுத்தது நீயா? அப்பால போ."

ஒற்றைக் கண்ணின் கஷ்டத்தைத் தானும் அறிய வேண்டுமென்று ஒட்டுத்துணியோடு தெருவில் நடந்தார். கட்டிக் கிடந்த எருமையின் மேல் மோதி, அதனிடமே "கண்ணு தெரில?" என்று கேட்டார். ஆட்டம் தொடங்கியதும் 'மிக நன்று' என்று சொல்லும் டேப்லெட் பெண்குரலோடும் தகராறு. "வேலய பாக்கறதுக்கு முன்னாடியே மெச்சிக்கினா ஆள் கெட்டுப் பூடும்மா."

இரண்டாம் மாதம் எண்ணிக்கை எகிறியது. ஆஸ்பத்திரிப் பெண் போனில் புகழ்ந்தார். நல்ல கண்ணை மூடும் நேரத்தைக் குறைக்கலாமா என்று டாக்டர் யோசிக்கிறாராம். நான் டீக்கடை வரைக்கும் பீற்றிக்கொண்டேன்.

பரிசோதனைக்குப் போனோம். சுவரில் எழுத்துகள். இடது கண்ணால் கயல் முதல் வரியைத் தாண்டவில்லை. போன முறையும் அதே வரி. டாக்டர் குழந்தையைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ்ளோ தும்பியைப் பிடிச்சது யாருங்க?"

வீடு திரும்பிக் கேட்டதும் மேஸ்திரி ஒளிக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

"நான்தான். பாப்பா பத்து புடிச்சிட்டு கண்ணு வலிக்குதுன்னு அய்வுது. மிச்சத்த நான் புடிச்சேன். நடவுல ஒருத்தி பின்னால நின்னுட்டா பக்கத்துல இருக்கறவ அவளுதையும் நட்டுக் குடுக்க மாட்டாளா? வரிசய குறைய வுட்டா மேஸ்திரி இன்னாத்துக்கு?"

"நாத்து யார் நட்டாலும் வேர் புடிக்கும்க்கா. இங்க உங்க கண்ணு தேறிடுச்சி, அவளுது அப்டியே கீது. ரெண்டு மாசம் போச்சு."

கீரைத்தண்டு உடையும் சத்தம் நின்றது. "அந்தக் கண்ணு பூடுமா தம்பி?"

"தெரியலக்கா."

மறுநாளிலிருந்து கைகளை முந்தானையில் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கயல் அழுதால் அவரும் மூக்கை உறிஞ்சினார். "அய்துக்கினே புடி." கை மட்டும் வெளியே வரவில்லை. எண்ணிக்கை தரைக்கு இறங்கியது. பதறிப் போன் செய்த ஆஸ்பத்திரிப் பெண்ணிடம், என் கையிலிருந்து போனைப் பிடுங்கிச் சொன்னார்: "இத்தினி நாளா உங்களாண்ட வந்தது என் கண்ணும்மா. இப்ப வர்றதுதான் பாப்பா கண்ணு."

பத்து பதினைந்தானது. பதினைந்திலேயே பல வாரம் நின்றது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வலது கண் மூடியிருந்த கயல் திரையிலிருந்து நிமிர்ந்தாள்.

"அத்த, உன் மூக்குத்திய காணோம்."

மேஸ்திரி தடவிப் பார்த்தார். ஏதோ ஒரு வயல் சேறு விழுங்கியிருக்கிறது. வேறு யாராயிருந்தாலும் வயலுக்கு ஓடியிருப்பார்கள். இவர் தெருவில் ஓடினார். "கடுகத்தினி மூக்குத்தி. அந்தக் கண்ணால கண்டுக்கினா." நகையைத் தொலைத்துவிட்டு வீடு வீடாகப் பெருமையடித்த பெண்மணியை எங்கள் தெரு அன்றுதான் பார்த்தது.

புது மூக்குத்தி வாங்கித் தருகிறோம் என்றால் வேண்டாமாம். துளை தூர்ந்துவிடாமல் ஒருநாள் ஈர்க்குச்சி, ஒருநாள் துளசித்தண்டு, ஒருநாள் வேப்பங்குச்சி என்று செருகிக்கொள்கிறார். சாயங்காலம் ஒட்டுத்துணியோடு இருக்கும் கயல் எதிரில் வந்து உட்கார்ந்து, ஊரையே அதட்டும் அந்த வாயை இறுக்கி மூடிக்கொண்டு, இன்றைக்கு எது என்று அவள் கண்டு சொல்ல முகத்தை மட்டும் நீட்டுகிறார்.