பன்னிரண்டு கிழங்குகளும் ஒரு கொடிக்கயிறும்

சமையலறைக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. நான் காலை நீட்டிப் படுத்தால் பாதம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அந்த இடத்துக்காகத்தான் இருபது வருட இல்லறத்தில் முதல்முறையாக மனைவியை எதிர்த்து நின்றேன். அவளுக்கு அங்கே கொடி கட்டித் துணி காயப்போட வேண்டும். எனக்குப் பூந்தோட்டம் வேண்டும்.

நர்சரி அம்மாவிடம் பன்னிரண்டு பூக்கிழங்குகள் வாங்கி வந்தேன். தாமதமாகப் பூக்கும் ரகம். மற்றவர்கள் தோட்டமெல்லாம் ஓய்ந்த பிறகுதான் இது பூக்குமாம். ஆபீஸ் வேலையை எப்போதும் கடைசி நாளில் முடிக்கிற எனக்கு அந்தக் கிழங்குகள் மேல் பார்த்தவுடனே பாசம் வந்துவிட்டது.

மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். மூன்று மாதத்தில் ஒரு பூவாவது பூக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடி கட்டுவதும் என் வேலை, ஆயுசுக்கும் துணி காயப்போடுவதும் என் வேலை.

நட்ட பிறகு மண்ணைத் தொடவே கூடாது என்று நர்சரி அம்மா சொல்லியிருந்தார். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஒரு குடும்பத் தலைவன் எப்படி நிம்மதியாக இருப்பது? ஞாயிறுதோறும் ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்து, தட்டிக்கொடுத்து, மறுபடி புதைத்தேன். மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் நான் பயப்பட வேண்டும். ஏனோ மறந்துவிட்டேன்.

இலை வந்தது. மொட்டு வரவில்லை. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது நர்சரிக்கு ஓடினேன். அதே ரகம் ஒரு தொட்டியில் சிவப்பாகப் பூத்து நின்றது. வாங்கி ஒளித்து வைத்து, மறுநாள் காலை மனைவி குளிக்கப் போன நேரத்தில் நட்டுவிட்டேன்.

ஈரத் தலையோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"அழகா இருக்குங்க. எப்போ வாங்கினீங்க?"

"வாங்கறதா? நான் வளர்த்தது."

"நர்சரி அம்மா நேத்தே போன் பண்ணிட்டாங்க."

நான் வானத்தைப் பார்த்தேன். மழை வருகிற மாதிரி இல்லை.

"முதல் ஞாயித்துக்கிழமையே நீங்க தோண்டறதைப் பார்த்தேன். இதுங்க பிழைக்காதுன்னு எடுத்து அவங்ககிட்ட வளர்க்கக் கொடுத்துட்டேன். இது உங்க கிழங்குதான். மீதி பதினொண்ணும் அங்கதான் பூத்து நிக்குது. இன்னைக்கு எல்லாத்தையும் கொண்டுவந்து வெச்சு, நீங்க ஜெயிச்சுட்டீங்கன்னு சொல்றதா இருந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் மேல் பாசமும் பொங்கிவிட்டது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு கேட்டேன்.

"அப்போ இத்தனை நாளா நான் தட்டிக்கொடுத்தது?"

"சின்ன வெங்காயம்."

கொஞ்ச நேரம் வெங்காயத்தைப் பார்த்தேன். பிறகு துணிந்து, பூத்தது என் கிழங்குதான் என்றால் ஜெயித்ததும் நான்தானே என்று வாதாடினேன்.

"பேச்சு பேச்சுதான். இடம் உங்களுக்கே. நான் மாடியில கொடி கட்டிக்கறேன்" என்றாள். "ஆனா கூசாம பொய் சொன்னீங்களே, அதுக்குத் தனியா ஏதாவது பண்ணணும் இல்லையா?"

இப்போது பன்னிரண்டும் பூத்து நிற்கின்றன. பாத்திரம் தேய்க்கிற இடத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிறது.