இருபது கிலோ

மெஹராஜ் பேகம் அரிசி மூட்டையைத் தூக்கிக் கணவரின் வலது கால் மேல் வைக்கக் குனிந்தாள். பக்கீர் முகம்மது போட்ட அலறலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

“என்னங்க கத்துறீங்க? கால்ல இருபது கிலோ பாரம் படணும்னு டாக்டரம்மா சொன்னாங்கள்ல? இது கரெக்டா இருபது கிலோ பை.”

“கால் மேல வைக்கச் சொல்லலடி! காலைத் தரையில ஊனி நான் அழுத்தணும்!”

கீழ்வேளூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பக்கீர் முகம்மது, வாய்க்கால் மதகருகே ஸ்கூட்டரோடு விழுந்து நான்கு மாதமாகியிருந்தது. முறிந்த கால் எலும்புக்குள் கம்பி இருந்தது. எலும்புதான் கூடவில்லை. தஞ்சாவூரில் எலும்பு டாக்டர் சுடர்விழி எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கியிருந்தார்.

“முறிஞ்ச இடத்துல ஸ்டெம் செல்லுன்னு வந்து நிக்குதுங்க. எலும்பாகிறதா, குருத்தெலும்பாகிறதான்னு அதுக்கே இன்னும் தெரியாது. லேசா அழுத்தம் பட்டுக்கிட்டே இருந்தா எலும்பாகும். ஒண்ணுமே படலைன்னா சும்மா கிடக்கும். ரொம்ப ஆட்டிட்டா நாராப் போயிடும்.”

“அதுக்கே தெரியலைன்னா எனக்கு எப்படிங்க தெரியும்?”

“எடை மெஷின் வாங்குங்க. வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் காலை மட்டும் மெஷின்ல வெச்சு அழுத்துங்க. இருபது கிலோ காட்டினா எடுத்துடுங்க. காலையில ஐம்பது, சாயங்காலம் ஐம்பது. இதுல கூடலைன்னா, இடுப்பெலும்புல கொஞ்சம் வெட்டி எடுத்து இங்க வைக்க வேண்டியிருக்கும்.”

நன்றாக இருக்கும் இடுப்பையும் வெட்டுவதா? அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அரிசி மூட்டை உள்ளே போனது. எடை மெஷின் வந்தது. பக்கீர் முகம்மது காலை வைத்து அழுத்தினார். எண்ணைப் பார்க்கக் குனிந்தால் முப்பத்தொன்று காட்டியது. பதறி நிமிர்ந்தால் பாரம் குறைந்தது. நிமிர்ந்திருக்கும்போது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் குனிய வேண்டும். குனிந்தால் அது வேறு எடை.

“நீங்க நேரா நில்லுங்க. நான் பார்த்துச் சொல்றேன்” என்று மெஹராஜ் பேகம் தரையில் உட்கார்ந்தாள். “பதினாலு… பதினேழு… பத்தொம்பது… யா அல்லாஹ்! இருபத்தொண்ணு!”

அவள் கத்திய கத்தலில் வாக்கர் நழுவி, அவர் முழு உடம்போடு அந்தக் காலில் நின்றுவிட்டார்.

“அம்பத்தெட்டு” என்றாள் மெல்ல.

அடுத்து ஷார்ஜாவிலிருந்த மகன் தௌபீக் ஒரு யோசனை சொன்னான். போனை மெஷின் பக்கத்தில் சாய்த்து வைத்தால், வீடியோ காலில் அவனே எண்ணைப் பார்த்துச் சொல்வான். அம்மா மாதிரி கத்தமாட்டான்.

“இன்னும் அழுத்துங்க அத்தா. பதினொண்ணுதான் இருக்கு.”

அழுத்தினார்.

“பதினொண்ணுலயே நிக்குது அத்தா. நல்லா அழுத்துங்க.”

கண்ணில் நீர் வர அழுத்தினார். படம் அங்கே உறைந்துபோயிருந்தது. அது மறுபடி அசைந்தபோது தௌபீக் கத்தினான்: “அத்தா! நாப்பத்திநாலு! எடுங்க, எடுங்க!”

சாயங்காலத்துக்குள் கால் வீங்கிவிட்டது. மறுபடி தஞ்சாவூருக்குப் போனார்கள்.

“இப்படி இஷ்டத்துக்கு அழுத்தினா அந்தச் செல்லு என்னன்னு நினைக்கும்?” என்றார் சுடர்விழி. “வீக்கம் வடிஞ்சதும் திரும்ப ஆரம்பிங்க. இன்னும் ஆறு வாரம். அப்புறம் ஆபரேஷன்தான்.”

திரும்பி வரும் வழியில் மெஹராஜ் பேகத்துக்குத்தான் அம்பிகாபதியின் நினைவு வந்தது. அரிசி ஆலையில் முப்பது வருஷம் நெல் மூட்டைகளுக்கு எடை சொல்லி ஓய்வு பெற்றவர், அடுத்த தெருக்காரர். எடை விஷயத்தில் அவர் சொன்னதை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அம்பிகாபதி காலையும் மாலையும் சொன்ன நேரத்துக்கு வந்தார். மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பதற்றமே இல்லாத குரலில், “ஏத்துங்க… ஏத்துங்க… இருபது. எடுங்க பாய்” என்பார். வீட்டுக்கே நிம்மதி வந்தது.

பக்கீர் முகம்மதுக்கு மட்டும் ஒன்று புரியவில்லை. மூன்றாவது வாரத்தில், முதல் வாரத்தைவிட இருமடங்கு அழுத்தினால்தான் இருபது வந்தது.

“அம்பிகாபதி, இருபது கிலோ நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போற மாதிரி இருக்கே?”

“இருபதுன்னா இருபதுதான் பாய். ஏத்துங்க.”

ஆறாவது வாரம் மூவரும் கார் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் போனார்கள். சுடர்விழி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை பார்த்தார். முறிவைச் சுற்றி வெள்ளையாக, கெட்டியாக எலும்பு திரண்டிருந்தது.

“பிரமாதம்! ஆபரேஷன் தேவையே இல்லை.”

மெஹராஜ் பேகம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பக்கீர் முகம்மது இடுப்பை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

“இவ்வளவு சுத்தமா இருபது கிலோவைப் பிடிச்ச பேஷண்ட்டை நான் பார்த்ததில்லை” என்றார் டாக்டர். “என்ன மெஷினுங்க அது? மத்தவங்களையும் அதையே வாங்கச் சொல்றேன்.”

பக்கீர் முகம்மது பெருமையோடு திரும்பி, வாசலோரம் நின்ற அம்பிகாபதியைக் கைகாட்டினார். “இவர்தாங்க கிட்ட உக்காந்து பார்த்துச் சொன்னவர். இவரையே கேளுங்க.”

அம்பிகாபதி தலையைச் சொறிந்தார்.

“மெஷின்ல ரெண்டாம் நாளே நம்பர் வர்றது நின்னுபோச்சுங்கம்மா, மில்லுல மூட்டை தூக்குறவன் மூஞ்சியப் பார்த்து எடை சொல்ற மாதிரி, பாய் பல்லைக் கடிக்கிறப்பல்லாம் நான்தான் இருபதுன்னு சொல்லிட்டேன்.”